மூடி ஒன்று, போர்டு வேறு

(சங்கப் பொதுக்கூட்டத்தின் முடிவில், ‘செட் டாப் பாக்ஸுக்குள் என்ன இருக்கிறது?’ என்ற தலைப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



சங்க அலுவலகத்தின் மூலையில் இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் பழைய செட் டாப் பாக்ஸ்கள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேபிளிலிருந்து டிடிஎச்சுக்கு மாறியவர்கள், ஒரு டிடிஎச்சிலிருந்து இன்னொன்றுக்குப் போனவர்கள், வீட்டைக் காலி செய்தவர்கள் என்று பலரும் விட்டுச் சென்றவை. அடுத்த மாதம் மின்கழிவு எடுக்க வண்டி வருகிறது. மொத்தமாக ஏற்றிவிடலாமா என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. “எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, எங்க வீட்டுப் பெட்டி கெட்டுப்போச்சு, இதில் ஒன்றை எடுத்து மாட்டிக்கிறேனே” என்று சிலர் கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான பதில் மூடிக்கு வெளியே இல்லை. அதனால்தான் நான்கு பெட்டிகளின் மூடியைக் கழற்றி இந்த மேசையில் வரிசையாக வைத்திருக்கிறேன். ஒன்று கேபிள் பெட்டி. இரண்டாவது கட்டண டிடிஎச் பெட்டி. மூன்றாவது, தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷுக்கானது. நான்காவது அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் குடியிருப்பில் ஒருவர் அங்கிருந்து திரும்பும்போது சாமான்களோடு கொண்டுவந்துவிட்டார்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு வீட்டில் யாரும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அமெரிக்கப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். போர்டுகளை ஒப்பிடக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை. அங்கே 2009 ஜூன் 12ஆம் தேதியோடு பெரிய நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு நின்றது. வீட்டு ஆண்டெனாவை நம்பிப் பழைய டிவி பார்த்தவர்களுக்கு, டிஜிட்டல் அலையை வாங்கிப் பழைய டிவிக்குப் புரியும்படி மாற்றித் தர ஒரு பெட்டி தேவைப்பட்டது. அதை வாங்க அரசே வீட்டுக்கு இரண்டு கூப்பன் கொடுத்தது. ஒவ்வொன்றும் 40 டாலர். கூப்பனுக்குத் தகுதி பெற ஒரு பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்றும் விதி வகுத்தார்கள். பதிவு செய்யும் வசதி கூடாது. எச்டிஎம்ஐ கூடாது. அணைத்த நிலையில் 2 வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கக் கூடாது.

அந்த விதி அப்படியே போர்டில் தெரிகிறது. இந்தப் பெட்டி எச்டி ஒளிபரப்பை முழுதாக வாங்கிப் பிரித்தெடுக்கிறது. ஆனால் வெளியே அனுப்புவது பழைய டிவியின் தரத்தில் மட்டுமே. திறமை இல்லாததால் அல்ல, வெளியேறும் வாசல் வைக்கப்படாததால். ஒரு போர்டில் ஒரு வசதி இல்லை என்றால் அது எப்போதும் தொழில்நுட்பக் குறை என்று நினைக்க வேண்டாம். பல சமயம் யாரோ போட்ட விதி, அல்லது யாரோ போட்ட விலைக்கணக்கு.

அந்தக் காலப் பெட்டிகளில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. ஜெனித் என்ற பெயரில் ஒரு பெட்டி விற்றது. பெஸ்ட் பை என்ற பெரிய கடை இன்சிக்னியா என்ற தன் சொந்தப் பெயரில் ஒன்று விற்றது. இரண்டையும் செய்தது எல்ஜி நிறுவனம்தான். உள்ளே ஒரே வடிவமைப்பு. பெயர் வேறு, போர்டு ஒன்று. அடுத்தது இதற்கு நேர் எதிர். ஜெனித்தில் டிடிடி 900, டிடிடி 901 என்று இரண்டு மாடல்கள். பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் 901இல் மட்டும், ஆண்டெனாவிலிருந்து வரும் அனலாக் அலையைத் தொடாமல் டிவிக்குக் கடத்திவிடும் வழி உண்டு. சிறு நிலையங்கள் பல அந்தத் தேதிக்குப் பிறகும் அனலாக்கிலேயே தொடர அனுமதி பெற்றிருந்தன. 900 வாங்கியவர் தன் ஊர்ச் சிறு நிலையத்தைப் பார்க்க ஒவ்வொரு முறையும் வயரைப் பிடுங்கி மாற்ற வேண்டும். கடைசி எண்ணில் ஒன்று கூட, அவ்வளவுதான் வெளியே தெரிந்த வித்தியாசம்.

பெயர் வேறாக இருந்தும் போர்டு ஒன்றாக இருக்கலாம். தோற்றம் ஒன்றாக இருந்தும் போர்டு வேறாக இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பெட்டிகளுக்கு வருவோம். போர்டில் நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்.

முதல் இடம், வயர் நுழையும் வாசல். அதை ஒட்டித் தகரக் கூடு போட்டு மூடிய பகுதிதான் டியூனர். சில புதிய போர்டுகளில் கூடு சிறுத்து, நகக்கண் அளவு சிப்பாகிவிட்டது. கேபிள் பெட்டியின் டியூனர் ஏறத்தாழ 860 மெகாஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். டிடிஎச் பெட்டியின் டியூனர் கேட்பதே 950இல் தொடங்கி 2150 வரை. ஒருவர் பேசும் இடத்தில் மற்றவருக்குக் காதே கிடையாது. அமெரிக்கப் பெட்டியின் டியூனர் வேறு வகை. அந்நாட்டு ஆண்டெனா ஒளிபரப்பின் முறையைத்தான் அது அறியும். நம் கேபிளைச் செருகினால் “சிக்னல் இல்லை” என்றுதான் காலம் முழுதும் சொல்லிக்கொண்டிருக்கும்.

டிடிஎச் போர்டில் இன்னொரு விஷயம் கவனியுங்கள். வாசலுக்குப் பக்கத்தில் செம்புக் கம்பி சுற்றிய ஒரு காயில், அதன் அருகே ஒரு சிப். கேபிள் போர்டில் இந்தப் பகுதி இருக்காது. மொட்டைமாடி டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பிக்கு மின்சாரம் இங்கிருந்துதான் மேலே போகிறது. 13 வோல்ட் அனுப்பினால் ஒரு வகை அலை வேண்டும் என்று பொருள், 18 வோல்ட் அனுப்பினால் மற்ற வகை. அதாவது வயரில் படம் கீழே வருகிறது, கட்டளை மேலே போகிறது.

இது நமக்கு ஏன் முக்கியம்? ஒரே டிஷ்ஷிலிருந்து சாதாரண ஸ்ப்ளிட்டர் வைத்து நாலு வீட்டுக்குப் பிரித்துவிடலாம் என்று ஒரு யோசனை நம் தளங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் வீடு 13 கேட்கும்போது இரண்டாம் வீடு 18 கேட்டால், எல்என்பி யார் பேச்சைக் கேட்கும்? அதிக வோல்ட் அனுப்பியவர் படம் பார்ப்பார், மற்றவர் திரை கறுக்கும். இதற்கென்றே மல்டிஸ்விட்ச் என்று ஒரு கருவி இருக்கிறது. அதுவும், அதற்கேற்ற எல்என்பியும் இல்லாமல் பொது டிஷ் பற்றிய எந்த விலைப்புள்ளியையும் சங்கம் ஏற்கக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

இரண்டாவது இடம், மின்சாரம் வரும் பகுதி. இங்கே பெட்டிகள் இரண்டு சாதி. பழைய பெட்டிகள் சிலவற்றில் 230 வோல்ட் நேராகப் பெட்டிக்குள்ளேயே வருகிறது. மஞ்சள் டேப் சுற்றிய சிறு டிரான்ஸ்பார்மரும், பக்கத்தில் குண்டாக ஒரு கபாசிட்டரும் தெரிகிறதா? அந்தக் கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது தங்கியிருக்கலாம். வீட்டில் மூடியைத் திறக்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். மற்ற சாதிப் பெட்டிகளில் இந்த வேலையெல்லாம் சுவரில் மாட்டும் அடாப்டருக்குள் முடிந்துவிடும். பெட்டிக்குள் பெரும்பாலும் 12 வோல்ட்தான் வருகிறது.

அடாப்டர் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பெட்டி தானாக அணைந்து அணைந்து எரிகிறது, லோகோ வந்து அப்படியே நிற்கிறது என்றால், பல நேரம் கெட்டது போர்டு அல்ல, அடாப்டர். வயதானால் அது சுமை ஏறும்போது தாக்குப்பிடிக்காமல் வோல்ட்டேஜைக் கீழே விட்டுவிடும். வேறு அடாப்டர் மாட்டிப் பார்ப்பதற்கு முன் அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். வோல்ட் எண் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் எண் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையில் பிளஸ், மைனஸ் எது உள்ளே, எது வெளியே என்று காட்டும் சிறு படமும் பொருந்த வேண்டும். முனை நுழைகிறது என்பதற்காகப் பழைய மோடத்தின் அடாப்டரைச் செருகினால், நன்றாக இருந்த போர்டும் போய்விடும்.

கபாசிட்டர்களுக்கு எமன் சூடு. சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. செட் டாப் பாக்ஸின் மேல் மோடம், அதன் மேல் ஒரு கிரோஷா துணி, அதன் மேல் பிள்ளையார் என்று அடுக்கி வைத்திருக்கும் வீடுகளில் பெட்டி சீக்கிரம் சாகிறது. பிள்ளையாரைக் குறை சொல்லக் கூடாது. தலைப்பக்கம் உப்பிய கபாசிட்டர் இதோ இந்தக் கேபிள் போர்டில் இருக்கிறது, வந்து பாருங்கள். தெரிந்த மெக்கானிக் மாற்றிக்கொடுத்தால் இது இன்னும் சில வருடம் ஓடும்.

அப்படியே இன்னொன்று. ரிமோட்டில் அணைத்தால் பல பெட்டிகள் திரையை மட்டும் அணைத்துவிட்டு உள்ளே விழித்துக்கொண்டே இருக்கின்றன. தொட்டுப் பாருங்கள், சூடு தெரியும். ஒரு பெட்டி நாள் முழுக்க 8 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 70 யூனிட். ஊருக்குப் போகும்போதாவது சுவர் சுவிட்சை அணையுங்கள்.

மூன்றாவது இடம், நடுவில் இருக்கும் பெரிய சிப். மேலே அலுமினிய ஹீட் சிங்க் ஒட்டியிருக்கும். சுற்றிலும் இருப்பவை நினைவகச் சிப்கள். சுருக்கி அனுப்பிய படத்தை விரித்துத் தருவது இந்த நடுச் சிப்பின் வேலை. சென்னையில் 2003 செப்டம்பரிலேயே கட்டண அலைவரிசைகளுக்குச் செட் டாப் பாக்ஸ் என்ற நிலை வந்தது. அக்காலப் பெட்டிகள் எம்பெக்-2 என்ற சுருக்கும் முறையை மட்டும் அறிந்தவை. 2007 இறுதியில் சன் டைரக்ட் எம்பெக்-4 முறையில் சேவையைத் தொடங்கியது. அதன் பின் வந்தவர்களும் அந்த வழிக்கே போனார்கள். எம்பெக்-4இல் அதே இடத்தில் அதிக அலைவரிசைகளை அடைக்கலாம். ஆனால் எம்பெக்-2 சிப்புக்கு அந்த மொழியைச் சாப்ட்வேர் ஏற்றிக் கற்றுக்கொடுக்க முடியாது. விரிக்கும் வேலைக்கான சுற்று சிப்பின் உள்ளேயே பொறிக்கப்பட்டது. “அப்டேட் போட்டால் எச்டி வரும்” என்று யாராவது பழைய பெட்டியை உங்களிடம் விற்க வந்தால், கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

இந்த டிடிஎச் போர்டின் ஓரத்தைப் பாருங்கள். எச்டிஎம்ஐ சாக்கெட்டுக்கான துளைகளும் தடங்களும் தயாராக இருக்கின்றன, சாக்கெட் மட்டும் இல்லை. ஒரே வெற்றுப் பலகையை அச்சடித்து, விலை கூடிய மாடலுக்கு எல்லாப் பாகங்களையும், குறைந்த மாடலுக்குச் சிலவற்றையும் பொருத்துவது தொழிற்சாலைகளில் வழக்கம். அந்த இடத்தில் சாக்கெட்டைப் பற்றவைத்தால் எச்டி வந்துவிடுமா? வராது. நடுச் சிப், நினைவகம், சாப்ட்வேர் மூன்றும் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும். வாசல் வைத்தால் மட்டும் வீட்டில் அறை கூடிவிடாது.

நான்காவது இடம் கண்ணுக்குத் தெரியாதது. சாவி. கட்டண அலைவரிசைகள் பூட்டித்தான் அனுப்பப்படுகின்றன. சில பெட்டிகளில் ஸ்மார்ட் கார்டு செருகும் இடம் இருக்கும். கார்டு இல்லாத பெட்டிகளில் ரகசிய எண் நடுச் சிப்புக்குள்ளேயே ஒரே ஒரு முறை எழுதப்பட்டிருக்கும். அழிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. கார்டு உள்ள பெட்டிகளிலும், அந்தக் கார்டு அந்தப் பெட்டியோடுதான் என்று முடிச்சுப் போட்டிருப்பது வழக்கம். எனவே டியூனர் ஒன்று, சிப் ஒன்று, எல்லாப் பாகங்களும் ஒன்று என்று இரண்டு போர்டுகள் இரட்டைப் பிள்ளைகளாகவே இருந்தாலும், ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்தின் சேவையைத் திறக்காது. பக்கத்து வீட்டுப் பெட்டி உங்களுக்கு உதவாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இந்தக் கட்டு இருக்கக் கூடாது, பெட்டியை மாற்றாமல் நிறுவனத்தை மாற்ற வழி வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் அரசுக்குப் பரிந்துரை செய்தது. அப்போதும் கேபிளுக்குள் ஒன்று, டிடிஎச்சுக்குள் ஒன்று என்றுதான் பிரித்தது. டியூனரே வேறு என்று பார்த்தோமே, அதுதான் காரணம்.

இதில் உங்கள் பணம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் கணக்கு இணைந்திருப்பது பிளாஸ்டிக் மூடியோடு அல்ல, உள்ளே இருக்கும் போர்டோடு. பழுது பார்க்கக் கொடுத்த பெட்டி திரும்பி வரும்போது வேறு போர்டோடு வந்தால், அடியில் ஒட்டிய எண் ஒன்றாகவும், திரையில் வரும் எண் வேறாகவும் இருக்கும். அப்புறம் ரீசார்ஜ் செய்த பணம் எங்கே போனது என்று தெரியாமல் வாடிக்கையாளர் சேவையோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். பெட்டியைக் கொடுக்கும் முன் அடியில் உள்ள எண்ணையும், மெனுவில் தெரியும் எண்ணையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு நிமிட வேலை.

இலவச டிஷ் பெட்டியின் கதை மட்டும் வேறு. பூட்டில்லாமல் வரும் அலைவரிசைகளுக்குச் சாவியே வேண்டாம். அதனால் அந்த வகையில் ஒரு கம்பெனிப் பெட்டிக்குப் பதில் இன்னொரு கம்பெனிப் பெட்டியைத் தாராளமாக மாட்டலாம். அந்த அட்டைப்பெட்டிகளில் கைமாற்றிக்கொள்ள உகந்தவை அவை மட்டுமே.

போர்டில் அச்சிட்டிருக்கும் எழுத்துகள் பற்றியும் ஒரு வார்த்தை. மாற்றுப் போர்டு தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது 94வி-0 என்ற குறி. அது மாடல் எண் அல்ல. பலகை எளிதில் தீப்பற்றிக்கொண்டே எரியாது என்பதற்கான தரக்குறி, லட்சக்கணக்கான போர்டுகளில் உண்டு. நான்கு இலக்கமாக 1532 என்பது போல் இருந்தால், பெரும்பாலும் 2015ஆம் ஆண்டின் 32ஆம் வாரம் செய்தது என்று பொருள். நீங்கள் தேட வேண்டியது ‘ரெவ்’ அல்லது ‘வெர்’ என்ற எழுத்துகளோடு வரும் எண். ஒரே மாடலுக்குள் போர்டு மாறியிருந்தால் காட்டிக்கொடுப்பது அதுதான்.

சரி, அந்த இரண்டு அட்டைப்பெட்டிகளை என்ன செய்வது? மூன்று குவியலாகப் பிரிக்கலாம் என்று முன்மொழிகிறேன்.

முதல் குவியல், வாடகைக்கோ முன்பணத்துக்கோ வாங்கிய பெட்டிகள். சட்டப்படி அவை நிறுவனத்தின் சொத்து. திருப்பிக் கொடுத்தால் முன்பணத்தில் ஏதேனும் மிச்சம் வரலாம். கழிவு வண்டியில் போட்டுவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. உங்கள் பழைய ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது குவியல், இலவச டிஷ் பெட்டிகளும், நல்ல நிலையில் உள்ள அடாப்டர்களும். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். நம் காவலர்கள், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள் ஆகியோரிடம் முதலில் கேட்போம். மாதச் சந்தா இல்லாமல் டிவி பார்க்கும் வசதி அவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும்.

மிச்சமெல்லாம் மூன்றாவது குவியல். சாவியும் செத்து, சிப்பும் பழையதாகிவிட்ட பெட்டிகள், அமெரிக்கப் பெட்டி உட்பட. இவற்றைக் குப்பையோடு போடவும் வேண்டாம், எடைக்கு எடுப்பவரிடம் கொடுக்கவும் வேண்டாம். செம்புக்காகப் போர்டை எரிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புகையும் ஈயமும் யாரோ ஒரு குழந்தையின் மூச்சுக்குள் போகிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் இவை சேர வேண்டும். வரும் வண்டி அப்படிப் பதிவு பெற்றதா என்று செயலாளர் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வண்டி வருவதற்கு முந்தைய ஞாயிறு காலை 10 மணிக்கு இதே அரங்கில் இருப்பேன். உங்கள் பெட்டியையும் அடாப்டரையும் சேர்த்தே கொண்டு வாருங்கள், எந்தக் குவியல் என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம். மூடியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள்.